இன்னொரு கோட்டிங்

பெயின்டரை உடன் வேலை செய்பவர்கள் ‘இன்னொரு கோட்டிங்’ என்றுதான் கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் அல்ல, முகத்துக்கு நேராகவே. வீட்டுக்காரர் சுவரைப் பார்த்து, “பிரமாதம்ப்பா” என்று சொல்லிவிட்டுச் சாவியை வாங்கக் கை நீட்டுவார். இவன் தலையைச் சாய்த்து, சன்னல் வெளிச்சம் விழும் பக்கத்தில் நின்று ஒரு பார்வை பார்ப்பான். “இன்னொரு கோட்டிங் குடுத்துட்டா நிம்மதியா இருக்கும் சார்.” வீட்டுக்காரருடைய நிம்மதி அத்தோடு போய்விடும். எப்போது முடியும் என்ற கேள்விக்கும் அவனிடம் ஒரே பதில்தான்: “நாளைக்கு.” பெயின்டர் சொல்லும் நாளைக்கும் காலண்டருக்கும் பெரிய உறவு கிடையாது. அது சொல்பவனுக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். ஒரு மரியாதைக்காக இருவரும் நம்பிக்கொள்வார்கள்.

ஊரார் சுவர்களுக்கெல்லாம் இப்படி இன்னொரு கோட்டிங் கொடுத்துவிட்டு அவன் வீடு திரும்பும்போது, நாலு வயது மகள் பெரும்பாலும் தூங்கியிருப்பாள். அவளுக்கு அப்பா என்றால் கனவுக்குள் வந்து போகும், பெயின்டில் கலக்கும் தின்னர் வாசனை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அந்த வாசனைக்குக் கைகால் முளைக்கும். சோறு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, கோபித்துக்கொள்வது, சமாதானம் செய்வது எல்லாம் அம்மாதான்.

அந்த அம்மாவுக்கு இப்போது எட்டு மாதம். வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. படி ஏறி இறங்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதால், போன மாதமே தரைத்தளத்தில் வீடிருக்கும் தன் அக்காவிடம் போய்விட்டாள். பேருந்தில் போய்வரும் தூரம்தான். பகலில் குழந்தைகள் காப்பகம், சாயங்காலம் அப்பா என்று ஏற்பாடு. தத்தித் தடுமாறி அது ஓடிக்கொண்டிருந்தபோதுதான் காப்பகத்திலிருந்து போன் வந்தது. குழந்தைக்கு உடம்பு கொதிக்கிறது, முதுகில் ஏதோ சிவப்பாக இருக்கிறது, உடனே வந்து கூட்டிப் போங்கள்.

டாக்டரம்மா சட்டையைத் தூக்கி ஒரு பார்வைதான் பார்த்தார். “சின்னம்மை. பயப்பட ஒண்ணுமில்ல, வீட்டுலயே வச்சுப் பாத்துக்கலாம். காய்ச்சலுக்கு மருந்து தரேன், அரிப்புக்கு இந்த லோஷன். நகத்தை ஒட்ட வெட்டி விடுங்க. சொறிஞ்சா புண்ணாகும், தழும்பும் நின்னுடும். அம்மா எங்க?”

சொன்னான். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

“கடைசியா அம்மா இவளை எப்பப் பாத்தாங்க?”

“அங்க போனதோட சரிங்க. போன ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போறதா இருந்தேன். ஒரு வீட்டுல வேலை முடியல.”

“அந்த வேலை முடியாததுக்கு நன்றி சொல்லிக்கங்க. அவங்களுக்குச் சின்ன வயசுல அம்மை வந்திருக்கா?”

அவனுக்குத் தெரியவில்லை. அங்கேயே நின்று மனைவியின் அக்காவுக்குப் போன் போட்டான்.

“அவளுக்கா? எனக்குத்தான் வந்துச்சு” என்றாள் அக்கா. “நான் உடம்பு பூராக் கொப்புளத்தோட கிடந்தேன். மகாராணியைக் கொண்டுபோய்ச் சித்தி வீட்டுல விட்டுட்டாங்க. நல்லா ஊஞ்சலாடிட்டு வந்து சேந்தா. ஏன், என்ன விஷயம்?”

டாக்டரம்மா விஷயத்தைச் சுருக்கமாக முடித்தார். “அப்போ ஒரே ஒரு விதி. கடைசிக் கொப்புளமும் காஞ்சு பொருக்குத் தட்டற வரைக்கும் அவங்க இந்தக் குழந்தை பக்கத்துல வரவே கூடாது. அவங்களுக்கும் ஆபத்து, வயித்துல இருக்கறதுக்கும் ஆபத்து. உங்களுக்கு வந்திருக்கா?”

அவன் புருவத்துக்கு மேலிருந்த சின்னப் பள்ளத்தைத் தொட்டுக் காட்டினான். “வந்திருக்குங்க. சொறிஞ்சேன்.”

வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்ட முதல் கேள்வி, “அம்மா எப்ப வரும்?”

அவன் அப்போது குனிந்து அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். யோசிக்கவே இல்லை. நாக்கு பழக்கப்பட்ட இடத்துக்குத் தானாகப் போனது.

“நாளைக்கு.”

குழந்தை கப்சிப்பென்று அடங்கிவிட்டாள். மருந்தைக் குடித்தாள், நகம் வெட்டக் கையை நீட்டினாள். இதென்ன பிரமாத வித்தை என்று அவனுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் காலையில் பெருமை காற்றில் போனது. அவன் கண் விழித்தபோது, குழந்தை பட்டனை மாற்றிப் போட்ட கவுனோடு சன்னலோர நாற்காலியில் ஏறி நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் எந்த வண்டி நின்றாலும் “அம்மா!” என்றாள். மதியத்துக்குள் கொப்புளங்கள் வயிற்றிலிருந்து கழுத்துக்கும், கழுத்திலிருந்து காதோரத்துக்கும் ஏறிவிட்டன. அரிப்பு ஒரு பக்கம், ஏமாற்றம் ஒரு பக்கம். கைகளுக்குக் காலுறை மாட்டி விட்டான். பல்லால் இழுத்துத் துப்பினாள். லோஷனை உள்ளங்கையில் ஊற்றித் தடவப் போனான். வீடே அதிரக் கத்தினாள்.

“போப்பா! உன் கை குத்துது!”

குத்தத்தான் செய்யும். வருடக்கணக்காக உப்புத்தாள் பிடித்துச் சுவரைத் தேய்த்த கை அது; பாதி உப்புத்தாளாகவே மாறியிருந்தது. பஞ்சால் ஒற்றிப் பார்த்தான். இழை இழையாகக் கொப்புளத்தில் ஒட்டிக்கொண்டது. அதட்டிப் பார்த்தான். அதற்குப் பிறகு அவன் அறைக்குள் வந்தாலே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சாயங்காலம் மனைவி போனில் வந்தாள். திரையில் அம்மாவின் முகத்தைப் பார்த்ததுதான் தாமதம், குழந்தை உடைந்துபோனாள். “நீ இன்னைக்கு வருவேன்னு அப்பா சொன்னாரு! ஏம்மா வரல? ஏம்மா வரல?” அழுத வேகத்தில் கன்னத்தைப் பிறாண்டியதில் ஒரு கொப்புளம் உடைந்தது.

அவன் போனை வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போனான்.

“நாளைக்குன்னு சொன்னீங்களா?” மனைவியின் குரல் தாழ்ந்திருந்தது. அது நல்ல அறிகுறி இல்லை. “சுண்ணாம்பு அடிக்கற வீட்டுல சொல்ற கதையைப் பெத்த புள்ளைகிட்டயும் சொல்வீங்களா?”

“வாய்ல வந்துடுச்சு.”

“வரும், வரும். நான் கிளம்பி வரேன்.”

“டாக்டர் சொன்னதைக் கேட்டல்ல? நீ வரக் கூடாது.”

“அப்போ அவ மூஞ்சியைப் பிச்சுக்கிட்டுக் கிடக்கட்டும், நான் இங்க உக்காந்து போன்ல பாத்துட்டே இருக்கணுமா? என்னால முடியாதுங்க. நாளைக்குச் சாயங்காலம் கூப்பிடுவேன். அவ இதே மாதிரி அழுதா, நான் யார் பேச்சையும் கேக்க மாட்டேன்.”

“கட்டில்ல கட்டிப் போடறேன் இவளை!” என்று பின்னாலிருந்து அக்காவின் சத்தம் வந்தது.

கட்டினாலும் கட்டிலோடு வந்துவிடுவாள் என்று அவனுக்குத் தெரியும். அவன் நாளைக்கு என்றால் அது பேச்சு. அவள் நாளைக்கு என்றால் நாளைக்குத்தான்.

விடிந்ததும் போன் அடித்தது. வேலை நடக்கும் வீட்டிலிருந்து கூட்டாளி பேசினான். ஏறக்குறைய வாசல் நிலை உயரம் இருப்பதால் அவனுக்கு ஏணி என்று பெயர்.

“அண்ணே, வாசக்கதவு இன்னும் காயல. வீட்டுக்காரம்மா போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை தொட்டுத் தொட்டுப் பாக்குது. விரல் ரேகை ஒண்ணுதான் குறைச்சல், அதையும் வச்சிடுச்சு. நம்ம போர்டு எங்கண்ணே?”

“என் பையிலதான்டா இருக்கு. ஒரு அட்டையில எழுதி மாட்டு.”

“எழுதினா படிக்கவா போகுது? சரி, பாப்பா எப்படி இருக்கு?”

“என் மூஞ்சியைப் பாக்க மாட்டேங்குது.”

“அதுல என்ன அதிசயம், நாங்களே வேற வழி இல்லாமத்தான் பாக்கறோம்” என்று ஏணி வைத்துவிட்டான்.

போர்டு பையில்தான் இருக்கிறதா என்று அவன் எடுத்துப் பார்த்தான். கயிறு கோத்த சின்னப் பலகை. ஈரம், தொடாதீர்கள் என்று எழுத்து. எழுத்தைப் படிக்காதவர்களுக்காகச் சிவப்பில் ஓர் உள்ளங்கை, அதன் மேல் குறுக்குக் கோடு. அதைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தால், கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

அந்தக் கை அவளுக்குத் தெரிந்த கை. போன வருடம் சொந்த வீட்டு அறைக் கதவுக்கு அவன் பச்சை அடித்தபோது, அவள் ஓடிவந்து அப்படியே உள்ளங்கையைப் பதித்துவிட்டாள். அவன் சத்தம் போட்டு இந்தப் பலகையைக் கதவில் மாட்டியதில் குழந்தை நடுங்கிப்போனாள். அன்றிலிருந்து ஈரம் என்ற சொல்லைக் கேட்டாலே இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வாள். கதவில் அந்தச் சின்னக் கை இன்றும் இருக்கிறது. எத்தனையோ முறை அவன் இன்னொரு கோட்டிங் கொடுக்கப் பார்த்தும் மனைவி விடவில்லை.

“அது எனக்கா?” என்றாள் குழந்தை. நேற்று மதியத்துக்குப் பிறகு அவள் அவனோடு பேசிய முதல் பேச்சு.

“நீ என்ன கதவா, உனக்கு மாட்ட?”

அவள் சட்டையைத் தூக்கிக் காட்டினாள். வயிற்றில் நேற்று அப்பிய லோஷன் திட்டுத்திட்டாகக் காய்ந்து வெளுத்த ரோஜா நிறத்தில் இருந்தது. “எனக்கும்தான் பெயின்ட் அடிச்சிருக்கே.”

அவன் பழக்கதோஷத்தில் தலையைச் சாய்த்துப் பார்த்தான். பார்த்தவனுக்குத் தன் வேலை மேலேயே வெட்கமாகப் போய்விட்டது. “இதெல்லாம் ஒரு வேலையா! எவன் அடிச்சான் இதை?”

“நீதான்.”

“மேஸ்திரி பாத்தா என்னை வேலையை விட்டே தூக்கிடுவார். இரு, ஒழுங்கா அடிச்சுத் தரேன்.”

பையின் அடியில், சன்னல் கம்பிகளுக்காக வாங்கி இன்னும் உறை பிரிக்காத மெல்லிய பிரஷ் ஒன்று இருந்தது. அதைக் கொதிக்க வைத்த நீரில் அலசி, ஆற விட்டு, முதலில் தன் கழுத்தில் இழுத்துப் பார்த்தான். பூனை வால் பட்டது போல இருந்தது. கிண்ணத்தில் லோஷனை ஊற்றி, பிரஷை நனைத்து, ஓரத்தில் வழித்து, அவள் தோளில் ஒரு கொப்புளத்தின் மேல் வைத்தான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு பல்லை விட்டாள்.

“சில்லுனு இருக்குப்பா.”

“ஆடாத. வழிஞ்சுடும்.”

அவள் ஆடவில்லை. இரண்டு கைகளையும் உடம்பில் படாமல் விரித்துக்கொண்டு, துணி காயப்போட்ட கம்பு மாதிரி நின்றாள். காது மடலின் பின்பக்கம் வரைக்கும் அவன் ஒன்று விடாமல் அடித்தான். சுவரில் இவ்வளவு பொறுமையாக அவன் அடித்து வீட்டுக்காரர்கள் யாரும் பார்த்ததில்லை. முடிந்ததும் பலகையை அவள் கழுத்தில் மாட்டினான்.

“இப்ப யாரும் தொடக் கூடாது, இல்லப்பா?”

“யாரும் தொடக் கூடாது. நீயும்.”

வித்தை பலித்துவிட்டது என்று நிமிர்ந்து முதுகை நீவிக்கொண்டான். பெயின்டர் மகளுக்கு ஈரம் தெரிந்தால் காய்வதும் தெரியும் என்பதை அவன் யோசிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் புறங்கையை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “காஞ்சிடுச்சு. இப்பத் தொடலாம்.” விரல்கள் கழுத்தை நோக்கிக் கிளம்பிவிட்டன.

“இரு, இரு! இன்னொரு கோட்டிங் இருக்கு!”

ஆனால் லோஷனை டாக்டரம்மா சொன்ன அளவுக்கு மேல் போட முடியாது. அவன் இன்னொரு கிண்ணத்தில் ஆறிய தண்ணீரை எடுத்துவந்தான். “இது பிரைமர். அடுத்த பெயின்டுக்கு முன்னால அடிக்கறது.” அதைப் பிரஷால் தொட்டுத் தொட்டு வைத்தான். காய்ந்தால் மறுபடி பிரைமர், நேரம் வந்தால் லோஷன். நடுவில் தூங்கினாள். தூக்கத்தில் கை போனபோது பலகையில் தட்டி நின்றது. எழுந்து ஒரு கிண்ணம் கஞ்சி குடித்தாள். குடித்துவிட்டு, அவன் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டாள்.

“அம்மா எப்ப வரும்?”

நா என்று ஆரம்பித்த வாயை மூடிக்கொண்டான்.

“நாளைக்குன்னு அப்பா சொன்னது சும்மா, பாப்பா. எப்பன்னு எனக்கே தெரியாது. இதெல்லாம் காயணும்.” அவள் கையில் ஒரு கொப்புளத்தைப் பிரஷின் நுனியால் காட்டினான். “புது வீட்டுல பெயின்ட் காயாம யாராவது குடி வருவாங்களா?”

“வந்தா?”

“துணியில ஒட்டிக்கும். அம்மா வந்தா அம்மா மேல ஒட்டிக்கும், வயித்துல இருக்கற பாப்பா மேலயும் ஒட்டிக்கும்.”

“அதுக்கும் அரிக்குமா?”

“அரிக்கும். அதுக்குச் சொல்லவும் தெரியாது.”

அவள் அதை நெடுநேரம் யோசித்தாள். பிறகு தன் கைகளைத் திருப்பித் திருப்பி ஆராய ஆரம்பித்தாள். “இது ஈரம். இதுவும் ஈரம். இங்க பாருப்பா, இது காஞ்சு கறுப்பாயிடுச்சு!” முதன்முதலாகக் காய்ந்த ஒன்று முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. இருவரும் தலை முட்டக் குனிந்து அதைப் பார்த்தார்கள்.

சாயங்காலம் போன் அடித்தது. திரையில் மனைவி தலைவாரி, வெளியே போகும் புடவையில் இருந்தாள். பின்னால் நாற்காலியில் ஒரு பை தயாராக இருந்தது. அக்கா கையைக் கட்டிக்கொண்டு கதவுக்குக் குறுக்கே நின்றிருந்தாள்.

“கண்ணு, அழறியா? அம்மா வரட்டுமா?”

குழந்தையின் உதடு கோணியது. கண்ணில் நீர் திரண்டது. அவள் கழுத்திலிருந்த பலகையை எடுத்துத் திரைக்கு நேராகப் பிடித்தாள்.

“வராதே. நான் இன்னும் ஈரம். நீ வந்தா தொட்டுடுவே.”

அந்தப் பக்கம் அக்காதான் முதலில் சிரித்தாள். மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “சரி, தொடல” என்றாள். நாற்காலியிலிருந்த பையை எடுத்து அக்காவிடம் கொடுத்தாள். “எப்பக் காயும்னு அப்பாவைக் கேளு.”

“அப்பாவுக்குத் தெரியாதாம்” என்றாள் மகள். “முழங்கையில ஒண்ணு காஞ்சிருக்கு. பாக்கறியா?”

முழங்கையைக் காட்டினாள். அம்மாவுக்குச் சரியாகத் தெரியவில்லை என்று வெளிச்சத்தைப் போடச் சொன்னாள். அவன் விளக்கைப் போட்டுவிட்டுக் கிண்ணத்தையும் பிரஷையும் எடுத்துக்கொண்டு வந்தான். அவள் போனிலிருந்து கண்ணை எடுக்காமலே முதுகை அவன் பக்கம் திருப்பிக்கொடுத்தாள்.