பாலத்துக்கு முன்னால் நின்ற கார்

ஸ்னோ கொட்டும் ஊரில் இட்லி மாவைப் புளிக்க வைப்பது எப்படி என்று இந்த வாரப் பத்தியில் எழுதுவதாக இருந்தேன். மன்னிக்க வேண்டும். மனசு வேறு இடத்தில் நிற்கிறது.

சனிக்கிழமை மத்தியானம் பிஸ்கட்டவே என்ற பக்கத்து ஊரில் ஸ்டெல்லா வீட்டு வாசலில் இருந்தோம் — என் மனைவி வசந்தாவும் நானும். காரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பெட்ரோல் போடுவது. நியூ ஜெர்சியில் அதையும் நாமே போடக் கூடாது என்று சட்டம்! வசந்தா அப்படியில்லை. ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சர்க்யூட் போர்டுகளை டெஸ்ட் பண்ணுவது அவள் உத்தியோகம். எங்கள் வட்டாரத்தில் மிக்ஸி முதல் வி.சி.ஆர். வரை எது மக்கர் பண்ணினாலும் போன் அவளுக்குத்தான் வரும். டார்ச் பிடிப்பது என் இலாகா.

ஸ்டெல்லா பாளையங்கோட்டைப் பெண். கணவர் சேவியர் மருந்துக் கம்பெனியில் கெமிஸ்டாக இருந்தார். போன பிப்ரவரியில் போய்விட்டார். நாற்பது வயதுகூட ஆகவில்லை.

அன்று காலை அவருக்கு நெஞ்சு வலி. ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறேன் என்று ஸ்டெல்லா சொன்னதற்கு, வெறும் வாயுதான், தெருவே வேடிக்கை பார்க்கும், நீயே ஓட்டு என்றிருக்கிறார். அவள் லைசென்ஸ் வாங்கியதே அதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டியிருக்கிறாள். நியூ பிரன்ஸ்விக் போகும் பாலத்துக்கு முன்னால், சிக்னலில், கார் அணைந்துவிட்டது.

சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. பின்னால் ஹார்ன் சத்தம். பயத்தில் அவள் ஆக்ஸிலரேட்டரை மிதி மிதியென்று மிதித்திருக்கிறாள். கடைசியில் ஒரு டிரக் டிரைவர் இறங்கி வந்து, சேவியரைத் தூக்கித் தன் வண்டியில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பிழைக்கவில்லை. சீக்கிரம் வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று ஸ்டெல்லா கேட்டதற்கு, சொல்ல முடியாது என்றாராம் டாக்டர். சொல்ல முடியாது என்பதில் எந்தப் பாதியை எடுத்துக்கொள்வது?

காரை டோ பண்ணி இழுத்துக்கொண்டு போன கராஜில், மெக்கானிக் ஒரே திருகில் ஸ்டார்ட் பண்ணிக் காட்டியிருக்கிறான். காரில் ஒரு கோளாறும் இல்லை என்று சாவியைக் கொடுத்துவிட்டான். சர்ச்சில் அடக்கத்தன்று யாரோ ஒரு ஆன்ட்டி, "புதுசா ஓட்டக் கத்துக்கிட்டவ... கையும் காலும் ஓடியிருக்காது, பாவம்" என்றார். பரிதாபப்பட்டுத்தான் சொன்னார். அன்றிலிருந்து ஸ்டெல்லா அந்தக் காரைத் தொடவில்லை. வேலைக்கு பஸ், கடைக்கு நடை.

இப்போது விற்றுவிட முடிவு பண்ணியிருந்தாள். வாங்க வந்தவர் ஓட்டிப் பார்த்தபோது தெருமுனையில் ஒரு தடவை அணைந்து, பிறகு கிளம்பியிருக்கிறது. ரொம்ப நாள் சும்மா நின்ற வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வசந்தாவுக்கு போன் பண்ணினாள்.

இப்போதெல்லாம் கார்களுக்கும் மூளை வைத்துவிட்டார்கள், தெரியுமோ? புத்தகம் அளவில் ஒரு கம்ப்யூட்டர். எப்போது, எவ்வளவு பெட்ரோல் என்று அதுதான் இன்ஜினுக்கு உத்தரவு போடுகிறது. பக்கத்து சீட்டில் உட்காருபவர் கால் வைக்கிற இடத்தில், ஓரத் தட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. வசந்தா தட்டியைக் கழற்றினாள். கம்ப்யூட்டரில் ஒரு அகலமான கனெக்டர். அதிலிருந்து கூந்தல் மாதிரி கொத்தாக ஒயர்கள்.

இன்ஜினை ஓடவிட்டு, ஒயர்களை ஒவ்வொன்றாக லேசாக அசைத்துக்கொண்டே வந்தாள். ஒரு சிவப்பு ஒயரைத் தொட்டதும் இன்ஜின் பட்டென்று நின்றது. மறுபடி ஸ்டார்ட். மறுபடி தொட்டாள். மறுபடி நின்றது.

டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனேன். கம்ப்யூட்டருக்கு கரண்ட் வரும் ஒயர் அது. கனெக்டருக்குக் கொஞ்சம் முன்னால் அதை யாரோ வெட்டி, இன்னொரு ஒயரைச் சேர்த்து முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சால்டர் வைக்கவில்லை. குளிரில் டேப் விறைத்து முறுக்கு விட்டிருந்தது; ஒயர் சில சமயம் தொட்டது, சில சமயம் விட்டது. அந்த இன்னொரு ஒயர் எங்கே போகிறது என்று விரலால் தொடர்ந்து பார்த்தாள் வசந்தா. கேசட் பிளேயருக்குப் போனது.

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். ஏதோ ஒயர் லூஸ் என்று சொல்லி மூடிவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. அதற்குள் ஸ்டெல்லா குனிந்து பார்த்துவிட்டாள்.

"இந்த டேப்பை நான்தான் கிழிச்சுக் கிழிச்சுக் குடுத்தேன்" என்றாள். "நான் லைசென்ஸ் வாங்குன சந்தோஷத்துல அவங்களே உக்காந்து பிளேயரை மாட்டுனாங்க."

வசந்தா எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஸ்டெல்லா, நல்லா கேட்டுக்கோ. நீ மிதிச்சதுக்கும் வண்டி நின்னதுக்கும் சம்பந்தமே இல்ல. அன்னைக்கு யார் ஓட்டியிருந்தாலும் நின்னிருக்கும். நான் ஓட்டியிருந்தாலும்."

ஸ்டெல்லா அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. அந்த ஒயரைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் தணிந்த குரலில் சொன்னாள்.

"மிதிக்காத, மிதிக்காத, கெடுத்துட்டியேன்னு கத்துனாங்க அக்கா. அதான் அவங்க என்கிட்ட கடைசியா பேசுனது. அந்த டிரக்ல அவங்களால பேச முடியல."

ஒயரை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்:

"நான் கெடுக்கலன்னு அவங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

  

ஸ்டெல்லா உள்ளே போய்விட்டாள். வசந்தா வேலையைத் தொடர்ந்தாள். அந்த முறுக்கை வெட்டி எடுத்தாள். சிவப்பு ஒயரை சால்டர் வைத்து ஒழுங்காகச் சேர்த்தாள். கனெக்டரைக் கழற்றிப் பின்களைச் சுத்தம் பண்ணி, க்ளிக் என்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டினாள். கேசட் பிளேயருக்கு ஃப்யூஸ் பாக்ஸிலிருந்து தனியாக ஒரு ஒயர் இழுத்தாள். அது வேண்டாம், பிடுங்கிப் போட்டுவிடு என்றேன். அதை முடிவு பண்ண வேண்டியது ஸ்டெல்லா என்றாள்.

நாங்கள் சாமான்களை எடுத்து வைக்கும்போது ஸ்டெல்லா கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். முகம் கழுவியிருந்தாள். நான் ஓட்டுகிறேன், நீ உட்கார் என்றேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டு, தானே ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தாள். வசந்தா பக்கத்தில், நான் பின்னால்.

நியூ பிரன்ஸ்விக் பக்கம் திருப்பினாள். பாலத்துக்கு முன்னால் சிக்னல் சிவப்பானது. கார் நின்றது, இன்ஜின் நிற்கவில்லை. பச்சை விழுந்ததும் கிளம்பிப் பாலத்தைத் தாண்டினாள். அக்கரையில் ஒரு கடையின் பார்க்கிங் லாட்டில் திருப்பி நிறுத்திவிட்டு, இன்ஜினை அணைக்காமல், ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழுதாள். வசந்தா அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

காரை விற்கப்போவதில்லையாம். நேற்று போனில் சொன்னாள். வேலைக்கு அதில்தான் போய் வருகிறாளாம். ஒரு தடவைகூட அணையவில்லையாம்.

கார் சரியாகிவிட்டது. எங்களால் முடிந்தது அவ்வளவுதான்.