புருவத்துத் தழும்பு

அந்த லிப்ட் மெக்கானிக்கைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. "லிப்ட்டு வந்தாச்சா?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். நாற்பத்தொரு வயது, ஒல்லி உடம்பு, எத்தனை முறை கழுவினாலும் போகாத கிரீஸ் வாசம். பதினெட்டாவது மாடியில் ஒற்றைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவரை நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் போதும், நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் தெரு நாடகக் குழுவில் பேச்சே இல்லாத வேஷம் அவருக்குக் கிடைத்தது. சாகிறவன் வேஷம்.

"வாரம் முழுக்க ஏறி இறங்குறது பத்தலையா? ஞாயித்துக்கிழமை வேற ரோட்டுல விழுந்து எந்திரிக்கணுமா?" என்று மனைவி கேட்பாள். கேட்டுவிட்டு முட்டிக்குத் தைலமும் அவளே தேய்த்துவிடுவாள்.

குழுவை நடத்தியது ஒரு கணக்கு டீச்சர். பார்சல் கொடுக்கிற வேலையில் இருந்த இருபத்துமூன்று வயதுப் பையன் ஒருவனை ஒருநாள் காலையில் காவல் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் திரும்பி வரவில்லை. தப்பி ஓடிவிட்டான் என்று நாலு வரி எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள். அடித்த கையே பேனாவையும் பிடித்தால் என்ன வேண்டுமானாலும் எழுதலாம்தானே. அதைத்தான் குழு நடித்தது. சந்தை வாசல், பஸ் நிலையம், நீதிமன்றத்துக்கு எதிரே. இருபது நிமிஷம். கடைசியில் மெக்கானிக் தார் ரோட்டில் விழுந்து கிடப்பார். மற்றவர்கள் கூட்டத்தைப் பார்த்து, "இந்த முகத்த எங்கயாவது பாத்தீங்களா?" என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு போவார்கள்.

பையனின் அம்மா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்த்தார். ஒரே பிள்ளை, கணவர் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். ஒத்திகைக்கு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்து திருத்திக்கொண்டே இருப்பார்.

"அவன் இப்படியெல்லாம் விறைப்பா நடக்கமாட்டான் தம்பி. செருப்ப இழுத்து இழுத்துதான் நடப்பான். பொய் சொன்னா காதச் சொறிவான்."

மெக்கானிக் செருப்பை இழுத்தார், காதைச் சொறிந்தார். "இன்னும் சரியா வரல" என்று அந்த அம்மா உதட்டைப் பிதுக்குவார்.

இரண்டாம் வருஷம் பஸ் நிலையத்தில் விழும்போது நடைபாதைக் கல் இடித்து இடது புருவம் கிழிந்தது. அந்த அம்மாதான் துணியைக் கிழித்துக் கட்டித் தன் ஆஸ்பத்திரிக்கே கூட்டிக்கொண்டு போனார். இரண்டு தையல். ஊசி இறங்கும்போது கையை இறுகப் பிடித்துக்கொண்டார். சின்ன வயதிலேயே தாயைப் பறிகொடுத்தவர் மெக்கானிக். அந்தப் பிடியை அவர் மறக்கவேயில்லை. அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் அந்த அம்மா வீட்டில் டீ. 'தம்பி' போய் 'டேய்' வந்தது.

நாலாம் வருஷம் திருத்தங்கள் நின்றுபோயின. எப்படி நடித்தாலும் அந்த அம்மா பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

"இப்பதான் நீங்க அவனாவே ஆயிட்டீங்க" என்றார் டீச்சர். மெக்கானிக்குக்குக் கால் தரையில் படவில்லை. வீட்டில் இரண்டு நாள் அதே பேச்சு. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போதும் அவருக்குத் தன் மேலேயே காறித் துப்பத் தோன்றும்.

நாடகம் வீண்போகவில்லை. கூட்டம் கூடியது, பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள், நீதிமன்றம் விசாரிக்கச் சொன்னது. வேறொரு ஊர்ப் பிணவறையிலிருந்து ஒரு புகைப்படம் கிடைத்தது. யாரென்று தெரியாத உடல் என்று அப்போதே எரித்துவிட்டிருந்தார்கள். முகம் வீங்கியிருந்ததால் வேலை அட்டைப் படத்தோடு ஒப்பிட முடியாது என்று நிபுணர் கைவிரித்தார். கூட வேலை செய்தவர்கள் சாட்சிக்கு வரப் பயந்தார்கள். மிச்சம் இருந்தது பெற்றவள் வாய்ச்சொல் ஒன்றுதான். இது என் பிள்ளை என்று அவர் சொன்னால் அது கொலை. சொல்லாவிட்டால், தப்பி ஓடியவன்.

ஏழாம் வருஷம் அவர் சாட்சி சொல்லும் நாள் வந்தது. மெக்கானிக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"இது என் பையன் இல்லீங்க."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்கம்மா" என்றார் அவர் பக்கத்து வக்கீல்.

"என் பையனுக்கு இடது புருவத்துல வெட்டு இருக்கும். இதுல இல்லையே."

மெக்கானிக்கின் கை தானாகப் புருவத்துக்குப் போயிற்று. எதிர்த்தரப்பு வக்கீல் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

மதியத்துக்குப் பிறகு இன்னொரு முறை கேட்க அனுமதி கிடைத்தது. "நீங்களே சொல்லிடுங்க" என்று டீச்சர் மெக்கானிக்கைத் தள்ளிவிட்டார். வராந்தா பெஞ்சில், ஒருத்தரும் குடிக்காத டீயை நடுவில் வைத்துக்கொண்டு அவர் சொன்னார்.

"அம்மா, அந்த வெட்டு என்னோடது. பஸ் ஸ்டாண்ட்ல விழுந்தேனே. நீங்கதானே கட்டு போட்டீங்க."

அந்த அம்மா அவர் புருவத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஆமா. ரெண்டு தையல்." டீ கிளாஸைத் தள்ளி வைத்தார். "வீட்டுல இருக்கறதெல்லாம் பள்ளிக்கூடத்துப் படம்டா. பெரியவனானப்புறம் எடுத்தது அந்த அட்டை ஒண்ணுதான், அதையும் கேசுக்கு வாங்கிக்கிட்டாங்க. ராத்திரி கண்ண மூடினா நீதான் வர்ற. நானும் அவன்தான்னு நெனச்சுட்டேன்."

மதியம் மறுபடி படத்தைக் கொடுத்தார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் அவர் பொய்யே பேசத் தெரியாத பிறவி.

"சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்ல மாட்டேங்க. எம் புள்ளையா இருக்கலாம். எனக்கு அவன் மொகம் ஞாபகம் வரல."

எதிர்த்தரப்பு வக்கீல் மேற்கொண்டு கேள்வியே கேட்கவில்லை. இரண்டு மாதத்தில் தீர்ப்பு வந்தது. இறந்தது யாரென்று நிரூபிக்கப்படவில்லை, குற்றம் சாட்டப்பட்ட போலீஸ்காரர்கள் எல்லோரும் விடுதலை.

நீதிமன்றப் படியில் அந்த அம்மா மெக்கானிக்கின் சட்டைப் பித்தானைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் மெக்கானிக் தாங்கியிருப்பார்.

"நீ நல்லா இருக்கணும்ப்பா. ஆனா கொஞ்ச நாளைக்கு என் கண்ணுல படாத. நீ முன்னால நின்னா அவன் வரமாட்டேங்கறான்."

அன்றோடு ஞாயிற்றுக்கிழமை டீ நின்றது. நாடகமும் நின்றது. டீச்சர் வேறு ஆளை வைத்து நடத்தலாம் என்றார், யாருக்கும் மனசு வரவில்லை.

ஐந்து மாதம் கழித்து அந்த அம்மா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் சாமான் ஏற்றும் லிப்ட் நின்றுபோனது. கம்பெனியில் வேறு ஆள் இல்லை. மெக்கானிக் லிப்ட் கூண்டின் மேல் உட்கார்ந்து கம்பிக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தார். கீழே சலவைத் துணித் தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிட்டு வந்து நின்றது. கதவு திறந்தே கிடந்தது.

"யாருப்பா மேல? இன்னும் நேரமாகுமா?"

ஸ்பானரைப் பிடித்த கை அப்படியே நின்றது. வாயைத் திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். ஆகும் என்பதற்கு இரும்பில் இரண்டு தட்டு தட்டினார்.

"சரி, நான் சரிவுப் பாதையில தள்ளிட்டுப் போறேன். பாத்துப்பா, விழுந்துடாத."

வண்டி திரும்பியது. அவன் வந்துட்டானாம்மா என்று கேட்க நெஞ்சு துடித்தது. சக்கரச் சத்தம் அடங்கும்வரை அவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.