வேலி தாண்டி வந்த வாளி

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மறதியும் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளில், அரியலூரில் நானும் வீட்டுக்காரரும் கொல்லைப்புறக் கலர்மீன் தொட்டியை இடித்துப் புதிதாகக் கட்டினோம். வடிகட்ட மணலும் கரியும் போட்டாயிற்று. கழிவுநீர்க் குழாயை எந்தப் பக்கம் விடுவது என்பதில்தான் பக்கத்து வீட்டுச் செல்லம்மாவோடு சண்டை.

"எங்கொல்லையில ஒரு சொட்டு வுழட்டும், அப்பறம் இருக்கு!" என்று கத்தியிருந்தாள்.

புதுத் தொட்டியில் சிமெண்ட் காரம் போக வாழைத்தண்டை ஊறப்போட வேண்டும். நாங்கள் அவசரத்தில் விட்டுவிட்டோம். உள்ளே விட்டதும் மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மல்லாந்தன. என் அலறல் கேட்டு எட்டிப்பார்த்த செல்லம்மா, வேலிப்படலைத் தள்ளிக்கொண்டு ஒரு வாளி கிணற்றுத் தண்ணீரோடு ஓடிவந்தாள்.

"அழுவாம அள்ளுங்கக்கா!"

இருவரும் முந்தானையால் அள்ளி வாளியில் விட்டோம். வெகுநேரம் கழித்து ஒரு வால் அசைந்தது.

"கொழாய எம்பக்கமே வுடுங்க. எங்க வாழைக்குத் தண்ணியாச்சு, ஒங்களுக்குத் தண்டாச்சு," என்றாள்.

தண்டு எத்தனை நாள் ஊற வேண்டும் என்பது மறந்துவிட்டது. கேட்க இப்போது செல்லம்மாவும் உயிரோடு இல்லை. தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.