உள்பக்கம் தைத்த பொக்கற்

வானொலியை நிறுத்தச் சொன்னான் யோகன். அது ஏற்கெனவே நின்றுதான் இருந்தது. என் தம்பியின் வருத்தம் எங்கள் வீட்டுக்குள் வந்தது அப்படித்தான்.

திருகோணமலை ஆஸ்பத்திரியில் அதற்கு மனச்சிதைவு (இல்லாத குரல்கள் கேட்பதும், காரணமில்லாத பயம் பிடிப்பதும்) என்று பெயர் சொன்னார்கள். குளிசை தந்தார்கள். குரல்கள் அடங்கின, கைகால்கள் இறுகின. எதைச் சொன்னாலும் கொஞ்சம் தாமதித்தே செய்வான்.

அடையாள அட்டை இல்லாமல் வெளியே போனவர் திரும்பி வருவது நிச்சயமில்லாத யுத்த காலம் அது. இவனோ, படத்திலிருப்பவன் தன்னை முறைக்கிறான் என்று அட்டையைக் கிணற்றுக்குள் போட்டுவிட்டான். புதியதை எடுக்க நான் நாயாய் அலைந்தேன். நான் தையல்காரி. அறிவுக்கொழுந்து மாதிரி ஒரு வேலை செய்தேன். அவனுடைய சேட்டுகள் எல்லாவற்றிலும், இடுப்புக்கு மேலே, உள்பக்கமாக, ஐசி என்கிற அந்த அட்டையை வைக்க ஒரு பொக்கற் தைத்தேன்.

"ஐசி கேட்டா உடன உள்ளுக்குக் கையை விட்டு எடு. பிந்தாத," என்று நாள்தோறும் பழக்கினேன். நன்றாகப் பழகிவிட்டான் என்று பெருமை வேறு!

கிளினிக்குக்குப் போன ஒரு காலை, துறைமுக வீதிச் சோதனைச்சாவடியில் எங்களைப் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. பொலிஸ்காரர் சிங்களத்தில் ஐசி கேட்டார். யோகன் சேட்டுக்குள் கையை விட்டான். குண்டு கட்டியவன் என்று நினைத்திருப்பார்கள். கையைத் தூக்கச் சொல்லிக் கத்தினார்கள். அவனுக்கு உடனே ஏலவில்லை.

துவக்குப் பிடியால் மணிக்கட்டில் அடி விழுந்தது. "அவருக்கு வருத்தம்! அடிக்காதேங்கோ!" என்று நான் வரிசையிலிருந்து குளறினேன். அந்தப் பொலிஸ்காரரும் பயந்துதான் இருந்தார், பார்த்தேன். பயத்தில் விழுந்த முதல் அடியை இன்று என்னால் விளங்கிக்கொள்ள முடிகிறது. அட்டை நிலத்தில் விழுந்த பிறகும் வலது தோளில் இரண்டு உதை விழுந்தது. அதை என்னால் மன்னிக்க ஏலாது.

தோள் எலும்பு முறிந்திருந்தது. கட்டுப் போட்ட டொக்டரிடம் பொக்கற்றைக் காட்டினேன். "மறைச்சு வைக்காதேங்கோ தங்கச்சி. கழுத்தில தொங்கவிடுங்கோ, தூரத்திலயே தெரியட்டும்," என்றார். இப்படியொருவரை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கும் நான் சொல்ல வந்தது அதுதான்.

யோகன் கட்டிலில் கிடந்தபடி என்னைப் பார்த்தான். "நீங்கள் சொன்ன மாதிரித்தானே அக்கா கையை விட்டனான்? பிந்தேல்லையே?"

"ஓமடா, பிந்தேல்லை," என்றேன். வெளியே போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

அன்றிரவே எல்லாச் சேட்டுகளிலும் அந்தத் தையலைப் பிரித்தேன். அவன் பல மாதங்கள் என் கையால் குளிசை வாங்கவில்லை. தட்டில் வைத்துவிட்டு நான் தள்ளிப்போக வேண்டும்.

இப்போது அந்தச் சாவடி இல்லை. ஆனால் "யோகன், சாப்பிட வா" என்று கூப்பிட்டால், இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டுதான் குசினிக்கு வருவான். வலது கை பாதிதான் எழும்பும். இறக்கடா என்று முன்பு கத்துவேன். அவனுடைய உடம்பு இன்னும் அந்த வரிசையில் நிற்கிறது என்று விளங்க எனக்குக் காலம் எடுத்தது.

இப்போது கத்துவதில்லை. அகப்பையை வைத்துவிட்டு, நானும் இரண்டு கைகளையும் தூக்கி, விரித்துக் காட்டுகிறேன். வெறுங்கை. அவன் வடிவாக உற்றுப் பார்க்கிறான். பிறகு, எனக்கு முன்னமே தன் கைகளை இறக்குகிறான்.