கழுத்தில் படாத கை

கழுத்திலிருந்த புற்றுநோய்க் கட்டியை வெட்டி எடுத்த பிறகு நான் பழையபடி பாடசாலைக்குப் போனேன். இஸ்லாம் பாட ஆசிரியை நான். முந்தானை கழுத்தை மூடிவிடும், தழும்பை யாரும் பார்ப்பதில்லை. நானும் பார்ப்பதில்லை. சோதித்துப் பார்க்க வரச்சொன்ன ஸ்கேனுக்கும் ஏதோ சாக்குச் சொல்லிப் போகாமல் விட்டுவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை தலை துவட்டிக்கொண்டிருந்தபோது என் மூத்த சகோதரி, ராத்தா, பார்த்துவிட்டாள்.

"என்னகா இது? கழுத்து கறுத்து, மீன் செதில் மாதிரி ஈக்கி?"

கண்ணாடியில் பார்த்தேன். தழும்பைச் சுற்றித் தடித்த கபில நிறப் படை. உள்ளே இருந்தது இப்போது வெளியே வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

அடுத்த நாளே ராத்தா என்னைக் கல்முனையில் ஒரு தோல் டொக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். பாண்டிருப்புப் பக்கத்துப் பெண், வயதில் என்னைவிடச் சின்னவர். பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து அழுத்தித் தேய்த்தார். பஞ்சு கறுத்தது. அடியில் என் சாதாரணத் தோல் இருந்தது.

"பயப்பட ஒண்டுமில்ல டீச்சர். செத்த தோலும் அழுக்கும் சேந்து படிஞ்சிருக்கு. இப்படி வாறது குறைவு. இந்த இடத்தத் தேச்சுக் குளிக்கிறல்லையா?"

நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது கோபம்தான். யாரைப் பார்த்து அழுக்கு என்கிறார்?

"நான் அஞ்சு நேரத் தொழுகைக்கும் கை கால் முகம் கழுவி ஒளு எடுக்கிற ஆள் டொக்டர். ஒவ்வொரு நாளும் தலையோட தண்ணி ஊத்திக் குளிக்கன்."

"தண்ணி பட்டிருக்கும். கை பட்டுதா?"

ராத்தா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடமையான குளிப்பில் உடம்பு முழுவதும் தண்ணீர் படுவதுதான் பர்ளு, கட்டாயம்; கையால் தேய்ப்பது சுன்னத்துத்தான், விட்டாலும் குளிப்பு நிறைவேறும் என்று ஆறாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறவள் நான். அந்தச் சலுகையில்தான் என் கழுத்து இத்தனை மாதம் காலம் தள்ளியிருக்கிறது.

"நோகுதா?" என்றார் டொக்டர்.

"இல்ல." பிறகு சொல்லிவிட்டேன். "கை வச்சா இன்னொரு கட்டி அம்புட்டிருமோ எண்டு பயம்."

அவர் சிரிக்கவில்லை. சிலருக்குப் பயத்தால் இப்படி ஆவதுண்டு என்றார். மெதுவாகச் சவர்க்காரம் போட்டுத் தேய்க்கச் சொன்னார், ஸ்கேனுக்கும் துண்டுச் சீட்டு எழுதித் தந்தார்.

வீட்டுக்கு வந்ததும் குளியலறைக்குள் போனேன். ராத்தா வாசலிலேயே நின்றாள். சவர்க்காரம் பூசிய விரலைத் தழும்பில் வைக்க வெகுநேரம் எடுத்தது. வைத்தேன். தழும்பு சற்று மேடாக இருந்தது. அதைச் சுற்றி, காதடி வரைக்கும், அழுத்தி அழுத்தித் தேய்த்தேன். ஸ்கேன் என்ன சொல்லுமோ தெரியாது.

"என்னகா, அழுறியா?" வெளியிலிருந்து கேட்டாள்.

"ஓம்" என்றேன். "கையில ஒண்டும் அம்புடல்ல ராத்தா."