பூசணிக்காய் தினம்

ஓடிப்போய்விட்டாளாம்! பட்டப்பகலில், சோப்புத் தொழிற்சாலையே தட்டும் கையுமாக நின்று பார்க்க, முன்வாசல் வழியாகப் போனவளைப் பற்றி இப்படிப் பேசுகிற தெருவுக்கு நாக்குக் கூசவில்லையா?

அவள் அந்தத் தொழிற்சாலைக் கேன்டீனின் சமையற்காரி. எல்லோருக்கும் தினக்கா. வாசலில் மாட்டியிருந்த கரும்பலகைதான் அந்தப் பெயருக்குக் காரணம். என்ன சாப்பாடு என்று எழுதத்தான் அதைக் கொடுத்தார்கள். அவளோ, சரக்கறையில் எது மிஞ்சிக் கிடக்கிறதோ அதற்கு ஒரு விழா எடுத்துவிடுவாள். ‘இன்று முட்டைக்கோஸ் தினம்’ என்று, உலகமே கொண்டாடுகிற மாதிரி கொட்டை எழுத்தில் இருக்கும். கீழே, ‘வரலாற்றில் இதே நாள்: வாட்ச்மேன் முதலாளியின் காரையே உள்ளே விட மறுத்தார்.’ சோப்பு வாடையில் மூக்குச் செத்துப்போனவர்களுக்கு அந்தப் பலகைதான் பசியைக் கிளப்பும்.

காய்கறி லாரி ஓட்டி வந்தவர், மனைவியை இழந்தவர், அந்தப் பலகையில் மயங்கினார். அதில் தானும் ஒரு வரியாக ஏறிவிட ஆசை. உருளைக்கிழங்கு கேட்டால் பூசணிக்காயாகக் கொண்டுவந்து குவித்தார். பூசணிக்காய் தினம் ஒரு நாளோடு முடியவில்லை. அது வாரமாக நீண்டது. பேக்கிங் பிரிவுப் பெண்கள் கரண்டியால் தட்டைத் தட்டத் தொடங்கினார்கள்.

“ஏங்க, கண்ணு தெரியலையா உங்களுக்கு?” என்று லாரிக்காரர் மேல் பாய்ந்தாள் தினக்கா.

“தெரியுதுங்க. கொண்டுவந்தது யாருன்னு வரலாத்துல ஒரு வரி எழுதுவீங்கன்னு பாத்தேன்.”

“இப்ப மூட்டையை உங்க கால்லயே போட்டுக்கிட்டீங்கல்ல, அதை எழுதறேன்!”

எழுதியும்விட்டாள். அவர் நொண்டிக்கொண்டே ஆள் ஆளாக இழுத்துவந்து காட்டினார்.

அதற்கப்புறம் லாரி வருகிற சத்தம் கேட்டாலே அவள் தலையைக் கோதிக்கொள்வாள். சேதி தம்பி வீட்டுக்குப் போனது. அங்கேதான் இருந்தாள், சமையலறையை ஒட்டிய அறையில். விடியற்காலைச் சமையலும் அவள் தலையில்தான். “இந்த வயசுல எதுக்குக்கா? ஊரு சிரிக்கும்,” என்றான் தம்பி. அந்தச் சொல் அவளைக் கட்டிப்போட்டது.

மூட்டை விழுந்த அதே நாள், மறு வருஷம். காலையில் வந்தால், பலகையில் யாரோ முந்திக்கொண்டிருந்தார்கள். கோணல் எழுத்து. ‘இன்று பூசணிக்காய் தினம். வரலாற்றில் இதே நாள்: லாரிக்காரன் தினக்காவைக் கட்டிக்கக் கேட்டான். பதில்:’

அதற்கப்புறம் காலி.

அவள் பலகையைத் தொடாமலே சமைத்தாள், பரிமாறினாள். சாப்பிட்டு முடித்தும் ஒருவர்கூட நகரவில்லை. ஓரத்தில் லாரிக்காரர் காலித் தட்டை வழித்துக்கொண்டே இருந்தார்.

“அக்கா, அங்க சோப்பெல்லாம் காஞ்சு கல்லாப் போவுது. சட்டுனு சொல்லு!” என்றாள் பேக்கிங் பெண் ஒருத்தி.

“ஊரு சிரிக்குமேடி.”

“நாங்க இப்பவே சிரிச்சுக்கிட்டுத்தானே இருக்கோம்!”

தினக்கா நிமிர்ந்து பார்த்தாள். ஆமாம், அத்தனை பேரும் வாயெல்லாம் பல்லாக. அதில் ஒரு முகத்திலாவது கேலி இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. முந்தானையில் கையைத் துடைத்துச் சாக்பீஸை எடுத்தாள்.

‘கேட்கவே ஒரு வருஷமா? சரி.’

கேன்டீன் கூரை பறந்தது. அந்தக் கூச்சலிலேயே தம்பிக்குப் போன் போட்டாள்: “நாளையிலேர்ந்து காலைச் சமையலை நீங்களே பாத்துக்கங்க. கல்யாணத்துக்கு வந்துடு. சாப்பாடு நான் செய்யலை.”

பதிவு அலுவலகம் மூடுவதற்குள் போக வேண்டும். பலகையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். சாட்சிக்கு வாட்ச்மேனும் அந்தப் பேக்கிங் பெண்ணும் லாரியின் பின்னால் ஏறினார்கள். முன்சீட்டில் பெரிய பூசணிக்காய் ஒன்று உட்கார்ந்திருந்தது.

“இதை எறக்குங்க முதல்ல,” என்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, தானே அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.