சகலை வீட்டுக் கல்

மூன்றாம் மாடி டாக்டருடைய சகலை தன் ரெக்கார்ட் பிளேயரை ஏதோ ஒரு கல்லின் மேல் ஏற்றி வைத்துவிட்டாராம். அன்றிலிருந்து அந்த வீட்டில் பாட்டு வேறு மாதிரி கேட்கிறதாம். எங்கள் கட்டடத்துக்குக் கீழே கடை வைத்திருக்கும் முடிதிருத்துபவர் எனக்குச் சொன்னது இது. அவருக்கு அவர் மனைவி சொன்னது. அந்த அம்மாவுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்கத்தான் நினைத்தேன். அதற்குள் கத்தரி காதருகே வந்துவிட்டதால் வாயை மூடிக்கொண்டேன்.

டாக்டர் வைத்தியம் பார்ப்பவர் அல்ல, லிப்ட் மெக்கானிக். ஓடுகிற மோட்டாரின் உடம்பில் நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை வைத்து, பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று அப்படியே சொல்லிவிடுவார். கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் டாக்டர். ஊரெல்லாம் லிப்ட்டை ஓட வைக்கிற மனிதர், லிப்ட்டே இல்லாத கட்டடத்தில் மூன்று மாடி ஏறி இறங்குகிறார். இரண்டாம் மாடியில், அவர் வீட்டுக்கு நேர் கீழே, நான்.

தினமும் ஆறு மணிக்கு அவரும் அவர் மனைவியும் ஒரு ரெக்கார்டின் ஒரு பக்கம் கேட்பார்கள். அந்த அம்மா மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை முடித்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, ஜன்னலோர நாற்காலியில் உட்காருவார். டாக்டர் ஊசியை இறக்குவார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம், இந்த வழக்கம் மாறவில்லை. "என் காதை நம்பித்தான் இவ என்னைக் கட்டிக்கிட்டா" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

கேள்விப்பட்டதை மாடிப்படியில் அவரிடம் உளறியது நான்தான்.

"கல்லா? கல்லு மேல வெச்சா பாட்டு மாறுமா? கல்லுக்காரன் வீட்டுல எல்லாம் கல்லுதான். நாளைக்குத் தலையணைக்குப் பதிலா கல்லு வெச்சுத் தூங்குவான்."

சகலைக்குச் சமையலறை மேடைக்குக் கல் பதிக்கிற வேலை. மனைவியின் தங்கை கணவர், இவரைவிட எட்டு வயது இளையவர், "அண்ணே, அண்ணே" என்று கூப்பிடுகிறவர். டாக்டரைப் பார்த்துத்தான் ரெக்கார்ட் பிளேயரே வாங்கினார். அதனால்தான் எரிச்சல்.

அன்று ஆறு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்த மனைவியிடம் டாக்டர் கிண்டலாக இதை எடுத்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை.

"நான் போன வாரமே தங்கச்சி வீட்டுல கேட்டேங்க. பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, பாடறவங்க மூச்சு இழுக்கறது கேட்டுச்சு. பக்கத்துல உக்காந்து இழுக்கற மாதிரி. எனக்குச் சிலிர்த்துப் போச்சு."

"எந்தப் பாட்டுல?"

"நம்ம பாட்டுலதான். நம்ம ரெக்கார்டுதான். பையில போட்டு எடுத்துட்டுப் போனேன்."

கல்யாணமான வருடம் இருவரும் சேர்ந்து வாங்கிய ரெக்கார்ட் அது.

"மூச்சா இருக்காது. தூசியா இருக்கும்" என்றார் டாக்டர்.

"தூசி மூச்சிழுக்குமாங்க?"

மறுநாள் இதை என்னிடம் சொல்லும்போது அவர் முகம் சுண்டிப்போயிருந்தது. சகலை பெரிய வீடு வாங்கியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். தன் மனைவிக்கு அந்த மூச்சைக் கேட்கவைத்தவன் அவனாகிவிட்டானே என்பதைத்தான் அவரால் விழுங்கவே முடியவில்லை. அதே மூச்சு தன் வீட்டில், அந்த ஜன்னலோர நாற்காலியில் அவளுக்குக் கேட்க வேண்டும். அதுவரை வயிற்றெரிச்சல் அடங்காது என்று அவரே ஒப்புக்கொண்டார்.

"தம்பிகிட்ட சொன்னா நமக்கும் ஒரு கல்லு கொண்டுவந்து மாட்டித் தருவாரு" என்று அந்த அம்மா ஒரு தடவை சொல்லிப் பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகு இரண்டு நாள் வீட்டில் பேச்சு உப்புச் சப்பில்லாமல் போயிற்று.

டாக்டர் தானே ஸ்டாண்ட் செய்தார். கனத்த இரும்பு ஆங்கிளை அறுத்து, வெல்டிங் வைத்து, கறுப்புப் பெயின்ட் அடித்தார். அதன் தலையில், பிளேயர் உட்காருகிற நான்கு மூலைகளிலும், லிப்ட் மோட்டாருக்கு அடியில் வைக்கிற தடித்த ரப்பர் கட்டைகள். பழைய கட்டடம் ஒன்றில் மோட்டாரைக் கழற்றியபோது கேட்டு வாங்கி வந்தவை. "அரை டன் மோட்டாரோட ஆட்டத்தையே இது குடிச்சிடும். இந்தப் பொட்டி எம்மாத்திரம்?" என்றார். தூக்க ஆள் வேண்டுமே, என்னைக் கூப்பிட்டார். மூன்றாம் மாடிக்குப் போய்ச் சேருவதற்குள் எனக்கு மூச்சு இழுத்த சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். அவர்கள் வீட்டுத் தரை பழைய மரப்பலகை. ஸ்டாண்டை இறக்கியதும் ஒரு முனகல் முனகியது. அது நின்ற இடம் என் கட்டிலுக்கு நேர் மேலே. அன்றே கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டேன்.

ஆறு மணிக்கு அந்த அம்மா உட்கார்ந்தார். ஊசி இறங்கியது. டாக்டர் பாட்டைக் கேட்கவில்லை, மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் இருக்கு."

"மூச்சு?"

"சத்தம் பெரிசா கேக்குதுங்க" என்று சொல்லிவிட்டுத் தேநீர் போட எழுந்தார். இரண்டடி வைத்ததும் ஊசி துள்ளி ஒரு வரியைத் தாண்டிக் குதித்தது.

சகலை அந்த வாரமே பார்க்க வந்தார். டாக்டரிடம் இரவல் வாங்கியிருந்த பெயின்ட் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கப் போன நான், வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"அண்ணே, இது மேல லிப்டே நிக்கும்போல இருக்கே!"

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டார். டாக்டர் அதையும் பார்த்துவிட்டார்.

சகலை குனிந்து ரப்பர் கட்டையைக் கட்டை விரலால் அழுத்தினார். "இது அமுங்கவே இல்லையேண்ணே?"

"அது அப்படித்தான் இருக்கணும், தம்பி. உனக்குக் கல்லு தெரியும், எனக்கு இது தெரியும்."

"சரிதாண்ணே" என்று அவர் உடனே ஒதுங்கிக்கொண்டார். அந்தப் பணிவு டாக்டருக்கு இன்னும் எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த அம்மா தங்கை வீட்டுக்குப் புறப்பட்டார். கைப்பையில் அந்த ரெக்கார்ட். இந்த முறை மறைக்கவில்லை. "வர்றீங்களா?" என்று கேட்டார். "வேலை இருக்கு" என்றார் டாக்டர். ஒரு வேலையும் இல்லை. சாயங்காலம் ஐந்து மணி தாண்டி என் கதவைத் தட்டினார்.

மேலே போனேன். ஸ்டாண்டின் தலையில் ஸ்க்ரூடிரைவரை ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக்கொண்டு மண்டியிட்டார்.

"நடங்க."

நடந்தேன்.

"மெதுவா நடங்க."

"மெதுவாத்தான் நடக்கறேன்."

"யானை நடக்கற மாதிரி கேக்குது." பிறகு முனையைப் பிளேயரின் உடம்புக்கு மாற்றினார். "இன்னொரு தடவை." நடந்தேன். அவர் கண்ணைத் திறந்தார். "அதே யானை."

கட்டை விரலால் ரப்பரை அழுத்தினார். கொஞ்சமும் அமுங்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"புதுசா வேலைக்கு வர்ற ஒவ்வொருத்தன்கிட்டயும் சொல்வேன். பாரம் ஏறினா ரப்பர் கொஞ்சம் அமுங்கணும், அமுங்கினாத்தான் ஆட்டத்தை வாங்கும்னு. இது அரை டன்னுக்குச் செஞ்சது. இந்தப் பொட்டி பத்துக் கிலோ. ரப்பருக்குத் தன் மேல ஒண்ணு உக்காந்திருக்குன்னே தெரியல." சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. "அவன் ஒரே விரல்ல கண்டுபிடிச்சான்."

"அவர் வீட்டுல கல்லு எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"சுவத்துலன்னு வீட்டுக்காரி சொன்னா. சிங்க் வைக்க மேடையில ஓட்டை வெட்டுவாங்க இல்ல, அந்த வெட்டின துண்டு. குப்பைக்குப் போறது. ரெண்டு இரும்புக் கை அடிச்சு அதுமேல வெச்சிருக்கான். தரையையே தொடல. யாரு நடந்தா என்ன, பாட்டு கும்முனு அதிர்ந்தா என்ன, ஊசிக்கு எதுவும் போய்ச் சேராது." எழுந்து நின்றார். "நான் நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லல. பாக்கவே போகல."

தன் வீட்டுச் சுவரை விரல் மடக்கித் தட்டிக்கொண்டே போனார். நாற்காலிக்கு எதிரே ஓரிடத்தில் நின்றார். கெட்டியான சத்தம் வந்தது. பென்சிலால் ஒரு கோடு போட்டார். பிறகு போனைக் கையில் எடுத்தார். வைத்தார். மறுபடி எடுத்தார்.

"என்னன்னு ஆரம்பிக்கறது?"

"தம்பின்னு ஆரம்பிங்க. மீதி தானா வரும்."

"அவ பக்கத்துலயே இருப்பா. நான் சொல்றதை அவன் ஒவ்வொண்ணா திருப்பிச் சொல்வான், அவ சிரிப்பா."

"மூச்சு வேணுமா, வேண்டாமா?"

முறைத்தார். ஆனால் சகலையின் நம்பரை அழுத்திவிட்டார். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்காமல் துண்டித்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறாகியிருந்தது. அவர் முகம் மாறிப்போயிற்று.

"ஊசியை இறக்கியிருப்பாங்க. மூணு பேரும் உக்காந்திருப்பாங்க. போன் அடிச்சாலும் எவன் எழுந்திருப்பான்? நானா இருந்தா எழுந்திருப்பேனா?"

ஆளில்லாத நாற்காலியைத் தாண்டி, பென்சில் கோட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். மறுபடி அழுத்தினார். மணி போக ஆரம்பித்தது.